படத்தினுள் ஒளிந்திருக்கும் முகவரி

மட்டக்களப்பு வாவிக்கரையிலே கண்டல் மரங்களை வெட்டிச் சாய்ப்போரை ஒருவர் தம் கைப்பேசியிற் படம்பிடித்து, தம் பெயரை மறைத்து இணையத்தில் வெளியிடுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். அவர் மறைத்ததை அப்படமே வெளிப்படுத்திவிடுதல் கூடும்.

கைப்பேசி எடுக்கும் படத்தினுள் கண்ணுக்குப் புலனாகாத குறிப்பொன்று உண்டு. 'எக்ஸிஃப்' என்பர். எடுத்த நாள், நேரம், கருவியின் வகை ஆகியவற்றுடன், இடமறியும் வசதி திறந்திருப்பின் அகலாங்கும் நெட்டாங்குங்கூட அதிற் பதிவாகும். வீட்டு முற்றத்தில் நின்று எடுத்த படம் வீட்டையே சுட்டும்.

கணினி வைரஸ் தடுப்பு மென்பொருளாற் புகழ்பெற்ற ஜோன் மெக்கஃபி, 2012இல் பெலீஸ் நாட்டுப் பொலிசாரின் விசாரணைக்கு அஞ்சித் தலைமறைவானார். அவருடன் சென்ற சஞ்சிகையாளர் டிசம்பரில் வெளியிட்ட படமொன்றின் குறிப்பு, அவர் குவாத்தமாலாவில் இருந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தது. சில நாட்களில் அங்கே கைதானார். கணினிக் காவலிற் பெயர்பெற்றவர் கதியே இது!

கமராவின் அமைப்பில் இடப்பதிவை நிறுத்திவிடலாம். வட்ஸ்அப்பிற் படமாக அனுப்பினால் இடக்குறிப்பு நீங்கும். அதே படத்தை ஆவணமாக அனுப்பினால் நீங்காது. இவ்வேறுபாட்டைப் பலர் அறியார். முகங்களை மங்கலாக்குவதிலும் கருமை பூசி முற்றாக மறைப்பதே உறுதியானது.

இவ்வளவு செய்தும் காட்சி எஞ்சுகின்றது. வாவியின் எந்த வளைவு எந்தத் தோணித்துறையிலிருந்து தெரியும் என்பதை நம் ஊர்ச் சிறுவரும் அறிவர். ஆகவே தம் வேலியோரத்தில் நின்று எடுத்த படத்தை விடுத்து, பலரும் நடமாடும் தெருவில் நின்று எடுத்ததையே அனுப்புதல் நன்று.