சைக்கிள் பழகும் பிள்ளையின் பயம்: பெற்றோர் அறிய வேண்டியவை

எமது ஊர்களில் சைக்கிள் விளையாட்டுப் பொருளாக வீட்டுக்குள் வந்து, சில வருடங்களில் தேவைப் பொருளாகிவிடுகிறது. காலையில் பாடசாலை, பின்னேரம் குர்ஆன் மத்ரஸா, அதன் பின் டியூசன், இடையில் கடைக்கு ஓட்டம். தட்டையான நிலமுள்ள கிழக்குக் கரையோர ஊர்களில் பிள்ளைகளின் பாதி நாள் சைக்கிளில்தான் கழிகிறது. 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாட்களில், மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டிவிட்டுப் பெரியவர்களும் பழைய சைக்கிளைத் தூசு தட்டி எடுத்ததை நாம் மறந்திருக்க மாட்டோம்.

இப்படியான சூழலில் பத்து, பன்னிரண்டு வயதாகியும் சைக்கிள் ஓடப் பயப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நாம் நினைப்பதை விட அதிகமாகவே இருக்கிறார்கள். கூட்டாளிகள் ஓடும்போது இவர்கள் கெரியரில் இருந்து போவார்கள், அல்லது "எனக்கு விருப்பமில்லை" என்று சொல்லி ஒதுங்குவார்கள். அதை நாம் விருப்பமின்மை என்றே எடுத்துக்கொள்கிறோம். பெண் பிள்ளையாக இருந்தால் "அவளுக்கு எதற்குச் சைக்கிள்" என்று கதையை முடித்தும் விடுகிறோம்.

நான் ஓர் ஆசிரியன். மூன்று பிள்ளைகளின் தகப்பன். மூத்தவனும் கடைசியும் சில நாட்களில் பழகிவிட்டார்கள். நடு மகளுக்கு எட்டு மாதங்கள் சென்றன. அவளுக்கும், பின்னர் அயலில் உள்ள சில பிள்ளைகளுக்கும் பழக்கியதில் நான் விளங்கிக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

பயம் எதிலே இருக்கிறது?

"பயப்படாதே" என்று சொல்வதால் எந்தப் பிள்ளையின் பயமும் போவதில்லை. முதலில் அது எதற்குப் பயப்படுகிறது என்று அறிய வேண்டும். சில பிள்ளைகளுக்கு விழுவதில் பயம். சிலருக்கு வேகத்தில் பயம், நிறுத்தத் தெரியாது என்பதே அதன் காரணம். இன்னும் சிலருக்கு விழுவதை மற்றவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள் என்ற பயம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

என் மகளின் பயம் நான்காவது வகை. உறவினர் ஒருவர் அவளை ஒரு பெரிய சைக்கிளில் ஏற்றி, "பிடித்திருக்கிறேன், விடமாட்டேன்" என்று சொல்லிச் சொல்லித் தள்ளிக்கொண்டு போய், சொல்லாமல் கையை விட்டார். அவள் பத்து யார் ஓடிய பின் திரும்பிப் பார்த்தாள். ஆளைக் காணவில்லை. வேலியில் மோதி விழுந்தாள். முழங்கால் காயம் ஒரு கிழமையில் ஆறியது. ஆனால் அதன் பிறகு பிரதான வீதியைக் கடக்க நான் கையைப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும், "வாப்பா, உடமாட்டீங்கதானே?" என்று கேட்கத் தொடங்கினாள்.

அந்த உறவினர் கெட்ட எண்ணத்தில் அப்படிச் செய்யவில்லை. எமது ஊர்களில் சைக்கிள் பழக்கும் முறையே அதுதான். அநேகமான பிள்ளைகள் அதைச் சிரித்துக்கொண்டே கடந்துவிடுகிறார்கள். கடக்க முடியாத பிள்ளைக்கோ உடைவது சைக்கிள் மீதுள்ள நம்பிக்கை மட்டுமல்ல, பெரியவர்களின் வார்த்தை மீதுள்ள நம்பிக்கையும் சேர்ந்துதான்.

சைக்கிள் எப்படி நிற்கிறது?

சைக்கிள் ஓடுபவர் உண்மையில் ஒவ்வொரு கணமும் சிறிது சிறிதாக விழுந்துகொண்டும், அந்த விழுகையைச் சரி செய்துகொண்டும்தான் போகிறார். வலப்பக்கம் சாயும்போது ஹேண்டிலை வலப்பக்கமே இலேசாகத் திருப்பினால், சில்லுகள் உடலின் கீழே வந்து சைக்கிள் மீண்டும் நிமிரும். பயந்த பிள்ளை இதற்கு மாற்றமாக, சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் ஹேண்டிலை வெட்டும். உடனே விழும்.

இன்னொரு விடயம், மிக மெதுவாக ஓடுவதே கடினம். ஓரளவு வேகம் இருந்தால்தான் சின்னத் திருப்பம் சாய்வைச் சரி செய்யும். பயந்த பிள்ளை மெதுவாகவே போகப் பார்க்கும், அதனால் இன்னும் அதிகமாக ஆடும், ஆட ஆடப் பயம் கூடும். இந்தச் சுற்றிலிருந்து பிள்ளையை வெளியே எடுப்பதுதான் எமது வேலை.

பக்கத்தில் பூட்டும் சின்னச் சில்லுகள் இதற்கு உதவுவதில்லை. அவை சைக்கிளைச் சாயவே விடாது. சாய்வைச் சரி செய்வதைத்தான் பிள்ளை கற்க வேண்டும். சாயாத சைக்கிளில் அதை எப்படிக் கற்பது? பெடல் மிதிக்க மட்டும் பழகிய பிள்ளை, அந்தச் சில்லுகளைக் கழற்றிய அன்று மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது.

பெடலைக் கழற்றுங்கள்

1817இல் ஜெர்மனியில் கார்ல் வொன் டிரைஸ் என்பவர் ஓடிக் காட்டிய, சைக்கிளின் முன்னோடியான வண்டியில் பெடலே இருக்கவில்லை. காலால் நிலத்தை உதைத்துத்தான் ஓடினார்கள். பெடல் வந்தது 1860களில். அதாவது மனிதர்கள் முதலில் சமநிலையைப் பழகினார்கள், மிதிப்பது பின்னர்தான் வந்தது. பிள்ளைக்கும் அந்த வரிசையே இலகுவானது.

முதலில் சைக்கிளின் அளவைப் பாருங்கள். "வளர்ந்தாலும் ஓடலாம்" என்று பெரிய சைக்கிள் வாங்குவது பணத்துக்கு மிச்சம், பயத்துக்குத் தீனி. பழகும் காலத்தில் சீட்டில் இருக்கும்போது இரண்டு பாதங்களும் நிலத்தில் முழுமையாகப் படிய வேண்டும். சீட்டை அந்த அளவுக்கு இறக்குங்கள். பிறகு இரண்டு பெடல்களையும் கழற்றுங்கள். வலது பெடல் வழமை போலக் கழரும். இடது பெடலின் மரை எதிர்ப்பக்கமானது, கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழரும். கையில் ஸ்பேனர் இல்லாவிட்டால் சைக்கிள் கடைக்காரர் சில நிமிடங்களில் கழற்றித் தருவார்.

அடுத்து இடம். கடற்கரை மணலும் கிரவல் வீதியும் சரிவராது. தட்டையான, இறுகிய தரை வேண்டும், வாகனம் வரக் கூடாது. மைதானத்தின் ஓரமோ பாடசாலை முற்றமோ போதும். சிரிப்புக்குப் பயப்படும் பிள்ளையை ஆளில்லாத நேரம் பார்த்துக் கூட்டிப்போங்கள். நாங்கள் ஸுபஹுக்குப் பின் போனோம்.

முதல் நாள், சீட்டில் இருந்தபடி நடந்தால் போதும். அடுத்த நாள் காலால் உதைத்து ஓடுவது. பிறகு இரண்டு கால்களையும் தூக்கி மூன்று எண்ணும் வரை மிதப்பது. மூன்று ஐந்தாகும், ஐந்து பத்தாகும். கால் எப்போதும் நிலத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் பிள்ளை விழுவதில்லை. இதே நாட்களில் பிரேக்கையும் பழக்குங்கள். "நான் சொன்னதும் நிறுத்து" என்று விளையாட்டாகச் செய்யலாம். தன்னால் நிறுத்த முடியும் என்று அறிந்த பிள்ளைக்கு வேகத்தின் மீதான பயம் பாதியாகக் குறையும். முன் சில்லு பிரேக்கைத் திடீரென இறுக்கப் பிடிக்காமல், பின் பிரேக்கைக் கொண்டு தொடங்கச் சொல்லுங்கள்.

பத்து எண்ணும் வரை மிதந்து, வளைவிலும் திரும்பத் தெரிந்தால் பெடலைப் பூட்டலாம். ஒரு பெடலை முன்பக்கம் உயர்த்தி வைத்து, அதை அழுத்தித் தொடங்கச் சொல்லுங்கள். கண் முன் சில்லைப் பார்க்காமல் தூரத்தைப் பார்க்க வேண்டும். பார்க்கும் பக்கம்தான் சைக்கிள் போகும்.

சிறு சிறு படிகள்

பயத்தைப் படிப்படியாகக் குறைக்கலாம் என்பது புதிய கருத்தல்ல. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலுக்குப் பயந்த ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். அவன் விருப்பமான உணவைச் சாப்பிடும்போது முயல் கூட்டைத் தூரத்தில் வைத்து, நாளடைவில் பக்கத்தில் கொண்டு வந்தார்கள். கடைசியில் அவன் முயலைத் தொட்டு விளையாடினான். இன்றும் பயத்துக்கான சிகிச்சைகளின் அடிப்படை இதுதான்.

எனவே ஒரு நாளைக்கு இருபது நிமிடங்கள் போதும். பிள்ளை களைக்கும் முன், நன்றாகச் செய்த ஒன்றோடு முடியுங்கள். "அடுத்த வீட்டுப் பிள்ளை ஓடுகிறது" என்ற ஒப்பீடு வேண்டாம். "நேற்று மூன்று எண்ணினாய், இன்று ஐந்து" என்று அதன் நேற்றோடு ஒப்பிடுங்கள்.

கையை விடுவது எப்படி?

பிடிக்க வேண்டி வந்தால் ஹேண்டிலைப் பிடிக்காதீர்கள், சமநிலையை நீங்கள் பார்த்துக்கொண்டால் பிள்ளை எதையும் கற்காது. முதுகிலோ தோளிலோ இலேசாகக் கை வைத்து ஓடுங்கள். விடும்போது சொல்லிவிட்டு விடுங்கள்.

நானும் மகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். "அந்தக் கரண்ட் போஸ்ட் வரை பிடிப்பேன், அதிலே விடுவேன்" என்று சொல்வேன். போஸ்டுக்கு முன் ஒரு தடவையும் விடவில்லை. "இன்றைக்கு விட வேண்டாம்" என்று அவள் சொன்ன நாட்களில் விடவேயில்லை. பின்னர் எந்த இடத்தில் விடுவது என்பதை அவளே சொல்லத் தொடங்கினாள், அந்த இடம் நாளுக்கு நாள் முன்னே வந்தது. ஒரு நாள் சீட்டில் ஏறியதும், "பிடிக்காதீங்க வாப்பா" என்றாள்.

பாதுகாப்பு

ஹெல்மட் போடப் பழக்குங்கள். அது நெற்றியை மூட வேண்டும், பட்டி தாடையின் கீழ் ஒரு விரல் நுழையும் அளவு இறுக்கமாக இருக்க வேண்டும். அபாயாவின் ஓரம், ஷால், சல்வார் கால் போன்றவை செயினிலோ சில்லிலோ சிக்காமல் ஒதுக்கிக் கட்டுங்கள். செயின் கவர் உள்ள சைக்கிளே பெண் பிள்ளைகளுக்கு நல்லது. பிரேக்கும் காற்றும் சரியா என்று நீங்களே பாருங்கள். மைதானத்தில் பழகிய பிள்ளையை உடனே பிரதான வீதிக்கு விடாதீர்கள், அது தனியாகப் பழக்க வேண்டிய பாடம்.

விழுந்தால் சத்தம் போடாமல் போய்ப் பாருங்கள். காயத்தைச் சவர்க்காரமும் சுத்தமான தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். தலையில் அடிபட்ட பின் வாந்தியோ, வழமைக்கு மாறான தூக்கமோ, குழப்பமோ இருந்தால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். பல கிழமைகள் பழகியும் சமநிலையே வராத பிள்ளையின் பார்வையையும் காதையும் வைத்தியரிடம் காட்டுவது நல்லது.

அடுத்த பாடசாலை விடுமுறையில் உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை சைக்கிளைப் பார்த்து ஒதுங்கினால், "பயந்தாங்கொள்ளி" என்று சொல்லும் முன் அது எதற்குப் பயப்படுகிறது என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். சைக்கிளை எந்த வயதிலும் பழகலாம். "விடமாட்டேன்" என்ற எமது வார்த்தையை அது நம்புமா இல்லையா என்பது இந்தச் சின்ன வயதில்தான் முடிவாகிறது.