திரை நின்றால் திகைக்க வேண்டாம்!



தொலைக்காட்சியின் பின்னால் உள்ளங்கை அளவேயான ஒரு சிறு கணினியைப் பொருத்தி, அதில் ‘கோடி’ என்னும் மென்பொருளை நிறுவி, வீட்டிற்குள்ளேயே ஒரு காட்சியகத்தை அமைத்துக்கொண்ட குடும்பங்கள் நம்மிடையே உண்டு. பிள்ளைகளின் பாடக் காணொளிகள், திருமண ஒளிப்பதிவுகள், பெரியவர்கள் விரும்பிக் கேட்கும் சொற்பொழிவுகள் ஆகிய அனைத்தும் ஒரே திரையில், ஒரே ரிமோட்டின் ஏவலில் கிடைப்பது பெரும் வசதிதான். ஆனால், நேற்றுவரை ஒழுங்காக ஓடிய காணொளி இன்று வர மறுக்கிறது. வட்டம் மட்டும் சுழல்கிறது. அல்லது, பிழை நேர்ந்ததாக ஓர் அறிவிப்பு மூலையில் மின்னி மறைகிறது.

அந்நேரத்தில் நம்மில் பலர் செய்வது என்ன? பொறுமை இழந்து, மென்பொருளையே அடியோடு நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுகிறோம். ஆண்ட்ராய்டு பெட்டிகளில் அவ்வாறு நீக்கும்போது, ஆண்டுக்கணக்கில் தொகுத்த நூலகப் பட்டியல், விருப்பப் பட்டியல், எதை எதுவரை பார்த்தோம் என்ற குறிப்புகள் யாவும் உடன் அழிந்துபோகின்றன. அவ்வளவுக்குப் பிறகும் பழுது அப்படியே நிற்பதுண்டு. கணக்கில் ஒரு வரி தவறிய மாணவனிடம் நோட்டுப் புத்தகத்தையே கிழித்தெறியச் சொல்வோமா? தவறிய வரி எதுவெனத் தேடச் சொல்வோம். இங்கும் செய்யத்தக்கது அதுவே.

கோடி என்பது யாது?

இது நூறு இலட்சத்தைக் குறிக்கும் கோடி அன்று. 2002ஆம் ஆண்டு எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவிக்காகத் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்டு, எக்ஸ்.பி.எம்.சி. என்று வழங்கி, 2014இல் ‘கோடி’ எனப் பெயர் மாற்றம் பெற்ற இலவச மென்பொருள். இதனுள் படம் எதுவும் இல்லை என்பதை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும். இது வெற்று அலமாரி. இணையத்திலுள்ள காணொளிகளைக் கொண்டுவந்து இதில் அடுக்குபவை ‘ஆட்-ஆன்’ எனப்படும் துணைநிரல்கள். ஒவ்வொரு துணைநிரலும் ஒரு தளத்தின் வாசலுக்குச் சென்று, அனுமதி பெற்று, பூட்டைத் திறந்து, காட்சியைத் திரைக்குச் சேர்க்கிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தது என்று கண்டறிவதே பழுது நீக்கத்தின் முதற்படி.

வரிசையாகச் சோதியுங்கள்

முதலில், பழுது ஒரு துணைநிரலுக்கா, எல்லாவற்றுக்குமா என்று பாருங்கள். எல்லாமே நின்றிருந்தால் குற்றம் துணைநிரலுடையதன்று. இணைய இணைப்பையும் ரூட்டரையும் சோதியுங்கள். ஒன்று மட்டும் நின்றிருந்தால், அதே தளத்தைக் கைபேசியில் திறந்து பாருங்கள். அங்கும் வரவில்லையெனில் தளமே பழுதுற்றிருக்கக்கூடும். காத்திருப்பதே மருந்து.

இரண்டாவதாக, கடிகாரம். இதைக் கேட்டு வியப்புறுவீர்கள். ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியில், 2023இல் வெளிவந்த ஐந்தாம் வகைக்கு முந்தைய வகைகளில், மின்சாரம் இல்லாதபோதும் நேரத்தைக் காக்கும் கடிகாரம் கிடையாது. ஐந்தாம் வகையிலும் அதற்கான பேட்டரியைத் தனியே பொருத்த வேண்டும். மின்தடைக்குப் பின் எழும்போது இக்கணினி பழைய தேதியிலேயே நிற்கக்கூடும். இணையத்திடம் கேட்டே சரியான நேரத்தை அறிகிறது. பாதுகாப்பான தளங்கள் யாவும் ஒரு சான்றிதழைக் காட்டுகின்றன. அதற்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் தேதி அந்நாட்களுக்கு வெளியே இருந்தால், சான்றிதழ் செல்லாது என்று கருதி இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. தேதியைத் திருத்தினால் போதும், பழுது நீங்கிவிடும்.

மூன்றாவதாக, பதிப்புப் பொருத்தம். 2021 பிப்ரவரியில் வெளியான கோடியின் 19ஆம் பதிப்பு, துணைநிரல்கள் எழுதப்படும் பைத்தான் மொழியின் இரண்டாம் பதிப்பைக் கைவிட்டு மூன்றாம் பதிப்புக்கு மாறியது. பழைய முறையில் எழுதப்பட்டு, திருத்தப்படாத துணைநிரல்கள் அன்றோடு நின்றன. அவற்றை நூறு முறை நிறுவினாலும் பயனில்லை. இதற்கு மாறாக, ஒரு துணைநிரல் புதுப்பிக்கப்பட்ட மறுநாளே பழுதுற்றால், அதன் தகவல் பக்கத்தில் பழைய பதிப்புகளின் பட்டியல் உள்ளதா என்று பாருங்கள். இருப்பின் முந்தையதைத் தேர்ந்து, தானாகப் புதுப்பிக்கும் வசதியை அந்த ஒன்றுக்கு மட்டும் நிறுத்திவையுங்கள்.

நான்காவதாக, அனுமதி. யூடியூப் துணைநிரல் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அது கூகுளிடம் தகவல் கேட்கும்போது ஒரு திறவுகோலைக் காட்ட வேண்டும். ஒவ்வொரு திறவுகோலுக்கும் நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்ற ஒதுக்கீடு உண்டு. இயல்பாக அது 10,000 அலகுகள். பல்லாயிரம் பேர் ஒரே திறவுகோலைப் பயன்படுத்தினால் ஒதுக்கீடு விரைவில் தீர்ந்துவிடும். ஆகவேதான் ஒவ்வொருவரும் தம் கூகுள் கணக்கில் சொந்தத் திறவுகோலை உருவாக்கி, துணைநிரலின் அமைப்புப் பகுதியில் பதியுமாறு கேட்கப்படுகின்றனர்.

ஐந்தாவதாக, பூட்டு. கட்டணச் சேவைகளில் பட்டியலும் அட்டைப்படமும் ஒழுங்காக வந்து, ஓடவிட்டால் மட்டும் திரை இருண்டுபோகிறதா? ‘வைட்வைன்’ என்னும் காப்புப் பூட்டு திறக்கப்படவில்லை என்று ஐயுறலாம். ‘இன்புட்ஸ்ட்ரீம் ஹெல்பர்’ என்னும் துணைநிரல் அதற்கு வேண்டியதைப் பெற்றுத் தரும். பூட்டு திறந்த பின்னும் படம் சற்று மங்கலாகவே வந்தால் அதைப் பழுதென்று எண்ண வேண்டாம். உயர்தரக் காட்சியை அதற்கெனச் சான்று பெற்ற கருவிகளுக்கு மட்டுமே தரும் சேவைகள் உண்டு.

காட்சி வந்தும் நின்று நின்று ஓடினால், அது தொட்டிக் கணக்கு. குழாயில் வரும் நீரைவிட எடுக்கும் நீர் மிகுதியானால் எவ்வளவு பெரிய தொட்டியும் வற்றத்தான் செய்யும். வயர் மூலம் ரூட்டருடன் இணைத்துப் பாருங்கள். அல்லது படத்தின் தரத்தை ஒரு படி குறையுங்கள்.

எல்லாம் எழுதப்பட்டிருக்கிறது

இத்தனைக்கும் பிறகு விளங்கவில்லையா? கோடி தன் செயல்களை ஒரு பதிவேட்டில் எழுதிக்கொண்டே வருகிறது. ‘கோடி.லாக்’ என்பது அதன் பெயர். மென்பொருளை மூடித் திறந்தால் புதிய பதிவேடு தொடங்கும், முந்தையது ‘கோடி.ஓல்டு.லாக்’ என்ற பெயரில் இருக்கும். பழுதுக்குப் பின் மூடித் திறந்திருந்தால் பழையதையே பாருங்கள். அதில் ‘எர்ரர்’ என்ற சொல்லைத் தேடுங்கள். அருகிலுள்ள எண்களுக்கும் பொருள் உண்டு. 401 எனில் கணக்குச் சான்று ஏற்கப்படவில்லை. 403 எனில் தளம் அனுமதி மறுத்தது. 404 எனில் அம்முகவரியில் பொருள் இல்லை. 429 எனில் அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டோம். 500 முதலானவை எனில் பழுது அவர்கள் பக்கம். இப்பதிவேட்டைப் பிறரிடம் காட்டி உதவி கேட்கலாம். ஆனால் உங்கள் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ அதில் இருக்கக்கூடும். படித்து, நீக்கிவிட்டே அனுப்புங்கள்.

சரிசெய்யக் கூடாத பழுது

இனி மிக முக்கியமான ஒன்று. எல்லாப் படமும் இலவசம் என்று கூறி விற்கப்படும் பெட்டிகளின் துணைநிரல்கள் திடீரென நிற்கும்போது, வேறொரு களஞ்சியத்தைத் தேடி அலையும் பழக்கம் பரவியுள்ளது. அவை பெரும்பாலும் பழுதால் நிற்பதில்லை. உரிமையற்ற பண்டம் என்பதால் நிறுத்தப்படுகின்றன. நெதர்லாந்தில் இத்தகைய துணைநிரல்களை முன்கூட்டியே ஏற்றிப் பெட்டிகளை விற்றவர் மீதான வழக்கில், அவ்விற்பனை படைப்பாளர்களின் உரிமையை மீறுவதாக ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2017 ஏப்ரல் 26 அன்று தீர்ப்பளித்தது.

இதில் நம் வீட்டுக்கே தீங்கும் உண்டு. துணைநிரல் என்பது வெறும் பட்டியலன்று. நம் கணினியில் இயங்கும் நிரல். கோடிக்கு எட்டும் கோப்புகள் அதற்கும் எட்டும். கோடியின் துணைநிரல் களஞ்சியங்கள் சிலவற்றின் வழியே புகுந்து, விண்டோஸ், லினக்ஸ் கணினிகளின் உழைப்பைத் திருடி ‘மொனேரோ’ என்னும் மின்நாணயத்தைத் திரட்டிய தீநிரலை ஈசெட் நிறுவனத்தார் 2018 செப்டம்பரில் வெளிப்படுத்தினர். வீட்டார் படம் பார்த்திருக்க, அவர்களுடைய மின்சாரத்தில் எவனோ சம்பாதித்தான். ‘அறியாத இடத்திலிருந்து நிறுவலாமா?’ என்று கோடி கேட்கும்போது, சிந்தியாமல் ‘ஆம்’ என்று அழுத்துவது முன்பின் தெரியாதவனிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

எனவே வாசகர்களே, கோடியின் அதிகாரபூர்வக் களஞ்சியத்தில் உள்ளவற்றை முதலில் நாடுங்கள். ஒழுங்காக இயங்கும் நாளிலேயே அமைப்புகளுக்கும் நூலகப் பட்டியலுக்கும் ஒரு நகல் எடுத்து வையுங்கள். பழுது நேரின் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். மாற்றியதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் அருகில் அமர்த்திச் சேர்ந்து தேடுங்கள். பழுதின் காரணத்தைத் தாமே கண்டுபிடித்த பிள்ளை, அடுத்த முறை உங்களை அழைக்காமலே அதைச் சரிசெய்துவிடும்.