சிறுமுகைத் தறியில் சீன அதிபர்

மாமல்லபுரத்து வெண்ணெய்ப் பாறைக்கு முன்னால் மோடியும் ஷி ஜின்பிங்கும் கை கோத்து உயர்த்தி நின்ற படம் ஞாபகம் இருக்கிறதா? 2019 அக்டோபர் 11. மோடியின் வேட்டியைத்தான் நாடே பார்த்தது. நாம் மேட்டுப்பாளையம் பக்கம் போவோம், வாங்க. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் சிறுமுகை. பவானிக் கரை, மென்பட்டுச் சேலை, வீட்டுக்கு வீடு தறிச் சத்தம்.

மறுநாள் ஷியின் கைக்குப் பரிசாகப் போன சிவப்புப் பட்டு இங்கே பிறந்ததுங்க! சிறுமுகைப்புதூர் ஸ்ரீ ராமலிங்க சௌடாம்பிகை கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கைவேலை. அதில் தங்க ஜரிகையில் ஷியின் முகமே!

மயிலும் மாங்காயும் போட்டுப் பழகிய தறியில் மனித முகம் என்ன லேசா? படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு ஊடைக்கும் எந்தெந்தப் பாவு இழை தூக்க வேண்டும் என்று ஜக்கார்டுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மயிலில் ஓர் இழை பிசகினால் அது இன்னொரு மயில். அதிபரில் பிசகினால் வேறு யாரோ!

இதில் கூத்து என்னவென்றால், பட்டே சீனத்துச் சரக்கு. அர்த்தசாஸ்திரத்திலேயே சீனப்பட்டு வருகிறது. இன்றும் இந்தியத் தறிகளுக்குச் சீனக் கச்சாப் பட்டு இறக்குமதியாகிறது. திருநெல்வேலிக்கே அல்வா கொடுத்திருக்கிறோம்! ஷி சும்மா இருப்பாரா? மோடியின் முகம் பதித்த பீங்கான் தட்டை நீட்டினார். மொய்க்கு மொய், முகத்துக்கு முகம்.

சந்திப்புக்கு மாமல்லபுரத்தைத் தேர்ந்ததிலும் கணக்கு உண்டு. பல்லவர் காலத்துக் கடல் வணிகம், காஞ்சிக்கு வந்த சீன யாத்திரிகர் சுவான்சாங், காஞ்சியிலிருந்து சீனாவுக்குப் போனதாகச் சொல்லப்படும் போதிதர்மர். மோடியும் ஷியும் பழம்பெரும் நாகரிகம் என்று ஆரம்பித்துவிட்டால், எல்லைத் தகராறு கொஞ்ச நேரம் வாசலிலேயே நிற்கும். ஷிக்கும் இந்த வித்தை அத்துப்படி. தன் சாலை, துறைமுகத் திட்டத்துக்குப் பழைய பட்டுப்பாதையின் பெயரைச் சூட்டியவர். அதே 2019 மே மாதம் பெய்ஜிங்கில் ஆசிய நாகரிகங்களுக்கென்றே மாநாடு கூட்டியவர்.

பட்டு பிரமாதம். அது தாங்கும் என்று நினைத்த பாரம்தான் அதிகம். எட்டு மாதம் கழித்து, 2020 ஜூன் 15 இரவு, கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையோடு நடந்த கைகலப்பில் 20 இந்திய வீரர்கள் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி.