அரைக்கை, அரக்கை

திருப்பூரில் பனியன் கம்பெனி வாசலில் ஒரு பலகை தொங்கும்: ‘வேலைக்கு ஆட்கள் தேவை’. 1978க்கு முன் எழுதிய பலகை என்றால் அதிலுள்ள ‘லை’ தும்பிக்கையோடு நின்றிருக்கும். பக்கத்து ஈரோட்டுப் பெரியார் 1935இல் ‘குடி அரசு’ இதழில் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978இல் ஏற்றபோது, ணை, லை, ளை, னை நான்கிலும் தும்பிக்கை போய், மற்ற எழுத்துகளுக்குள்ள ஐகாரக் குறியே வந்தது. ஐயை ‘அய்’ என்றும் ஔவை ‘அவ்’ என்றும் எழுதுவதை மட்டும் அரசு ஏற்கவில்லை.

எனக்கு எழுத்தைவிட ஒலிமேல்தான் பிரியம். ஐ ஒரே ஒலியா, இரண்டா? அகரத்தோடு இகரம் சேர்ந்தாலும் யகர ஒற்று சேர்ந்தாலும் ஐ பிறக்கும் என்றார் தொல்காப்பியர். ஔவுக்கு அவர் சொன்னது அகரமும் உகரமும். பின்னால் வந்த பவணந்தி, நன்னூலில் வகர ஒற்றையும் சேர்த்துக்கொண்டார். ஐயின் பின்பாதி இகரமா, யகரமா என்பதில்தான் இன்றைய ஒலியியலாரும் பிரிகிறார்கள். நாக்கு அகரத்திலிருந்து இகரத்தை நோக்கி நழுவுகிறது. அந்த நழுவலை உயிராக எழுதுபவர்கள், அது தனி அசை இல்லை என்று காட்ட அடியில் ஒரு கவிழ்ந்த பிறையைப் போடுகிறார்கள். யகரமாகவே எழுதுபவர்களும் உண்டு. நாக்கு இகரம்வரை போய்ச் சேர்வதில்லை என்று, தளர்ந்த இகரத்துக்கான குறியை இடுபவர்களும் உண்டு. அன்று காதை மட்டும் நம்பிச் சொன்னதை இன்று கண்ணாலேயே பார்க்கலாம். ‘கை’ என்று சொல்லிப் பதிந்து, ஒலியைப் படமாகக் காட்டும் ப்ராட் மென்பொருளில் திறந்தால், நாக்கு முன்னே போவதைக் காட்டும் இரண்டாம் ஃபார்மன்ட் கோடு மேலே ஏறும்.

மறுபடி பனியன் கம்பெனிக்குள் போய், ஓவர்லாக் தையல் மிஷின் பக்கம் நின்று கேளுங்கள். எழுதுவது ‘அரைக்கை’, வாயில் வருவது ‘அரக்கை’. ஒரே சொல்லில் முதல் ஐ நழுவலை விட்டுவிட்டது. ஓரசைச் சொல்லான கை விடவில்லை. வேலையும் ‘வேல’ ஆகி, அதன் கடைசி உயிர் அகரத்துக்கும் எகரத்துக்கும் நடுவே நிற்கிறது. கொச்சை என்று பள்ளியில் திருத்தினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சொல்லிறுதி ஐ இரண்டு மாத்திரை நிற்காமல் ஒன்றாகக் குறுகும் என்று ஐகாரக் குறுக்கம் வகுத்தவர்கள், இந்தத் தேய்வின் தொடக்கத்தைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

ஔவின் கதை வேறு. நூல் ‘30 கவுண்ட்’, டீ ஷர்ட் ‘ரவுண்ட் நெக்’. ‘கௌண்ட்’, ‘ரௌண்ட்’ என்று எழுதத் தோன்றுவதே இல்லை. அந்த ‘வு’வில் தொல்காப்பியர் சொன்ன உகரமும் இருக்கிறது, பவணந்தி சேர்த்த வகரமும் இருக்கிறது.