கொசுப்புழுவை வெல்லுமா கடற்பாசி?

பௌர்ணமிதோறும் திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை மனிதத் தலைகளால் நிறைந்து காணப்படும். விடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். எறியப்பட்ட தேநீர்க் குவளைகளும் இளநீர்க் கூடுகளுமோ வழியோரங்களில் தங்கிவிடும். ஒரு மழை போதும்; அவை ஒவ்வொன்றும் கொசுவுக்குத் தொட்டிலாகிவிடும்.

டெங்கு, சிக்குன்குனியா ஆகிய காய்ச்சல்களைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் சாக்கடையை நாடுவதில்லை. நாம் தொட்டியிலும் குடத்திலும் சேர்த்துவைக்கும் தெளிந்த நீரையே அது விரும்புகிறது. முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாய்ப் பறக்க ஏறக்குறைய 7 முதல் 10 நாட்கள் ஆகும். பறந்த கொசுவைத் துரத்துவதைவிட, நீருக்குள் இருக்கும் புழுவை அழிப்பதே எளிது. அதற்கு இரசாயன மருந்துகள் உள்ளன. ஆயினும் ஒரே மருந்தைப் பல்லாண்டுகள் பயன்படுத்தினால், அதைத் தாங்கவல்ல கொசுக்களே எஞ்சிப் பெருகுகின்றன. ஆகவே விஞ்ஞானிகளின் நாட்டம் இயற்கைப் பொருள்களின்பால் சென்றது. அவற்றுள் ஒன்று கடற்பாசி.

மன்னார் வளைகுடாவில் பாம்பன், இராமேசுவரம் பகுதிப் பெண்கள் கடலில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை முதலியவற்றைச் சேகரிக்கின்றனர். பாறையில் ஒட்டி வாழும் பாசியால் தன்னை மேயவரும் உயிர்களிடமிருந்து ஓட இயலாது. எனவே பல பாசிகள் கசப்பும் நஞ்சும் கலந்த இரசாயனங்களைத் தமக்குள் உண்டாக்கிக்கொள்கின்றன. அவை கொசுப்புழுவையும் கொல்லுமா என்பதே ஆராய்ச்சியாளரின் கேள்வி.

பாசியை உலர்த்திப் பொடித்து, சாராயம் போன்ற கரைப்பானில் ஊறவைத்துச் சாறு எடுக்கின்றனர். அதனை வெவ்வேறு அளவில் நீரில் கலந்து, புழுக்களை விட்டு, 24 மணி நேரத்துக்குப் பின் மடிந்தவற்றை எண்ணுகின்றனர். அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொண்டி வளாக ஆய்வாளர்கள் 2013-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், டெங்கு, யானைக்கால், மலேரியா ஆகிய மூன்று நோய்களின் கொசுப்புழுக்களையும் இவ்வாறு சோதித்தனர். திராட்சைக் கொத்துப் போன்ற காலெர்பா ரசிமோசா என்னும் பாசி நல்ல பலன் தந்தது.

எனினும் கண்ணாடிக் குவளை வேறு, வீட்டுத் தொட்டி வேறு. வெயிலில் சாறு வீரியம் இழக்குமா, மீனுக்கும் மனிதருக்கும் தீங்கு செய்யுமா என்பன தெளிவாகும்வரை பாசிச்சாற்றைக் குடிநீரில் கலப்பது தகாது. இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்துக் குட்டையொன்றில் 1976-இல் கண்டெடுத்த பாக்டீரியா, பல சோதனைகளைக் கடந்த பின்னரே புழுக்கொல்லியாக உலகெங்கும் பரவியது. பாசியும் அவ்வழியைக் கடந்தாக வேண்டும்.

அந்நாள் வரின், கவிழ்க்க இயலாத பெருந்தொட்டிகளுக்கு அது உதவலாம். குடத்துக்கும் வாளிக்கும் நம் கைகளே மருந்து. ஏடிஸ் முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, நீரின்றியே பல மாதங்கள் உயிரோடிருக்கும். ஆதலின் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை உட்புறத்தை நன்கு தேய்த்துக் கழுவி, காயவைத்து, மூடிவைத்தல் வேண்டும். குழந்தையைக் காய்ச்சலிலிருந்து காக்கும் இவ்வேலைக்கு ஒரு தேங்காய் நாரும் அரைமணி நேரமுமே செலவு.