நடந்தால் போதும் அந்தக் குதிரை

பெங்களூருவில் குதிரை என்றதும் ரேஸ் கோர்ஸ்தான் நினைவுக்கு வரும். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் குதிரையேற்றத்தில் வெள்ளி வென்ற ஃபுவாத் மிர்சாவும் இந்த ஊர்க்காரர்தான். அங்கெல்லாம் ஓட்டமும் தாவலும் முக்கியம். இதே நகரில் புஷ்பா போபையாவின் 'ஹீலிங் ஹார்சஸ்' அமைப்பு குதிரையிடம் கேட்பது நடை மட்டுமே. முதுகில் ஒரு சிறப்புக் குழந்தையைச் சுமந்தபடி, மிரளாமல் நடந்தால் போதும்.

அந்த நடையில் அப்படி என்ன இருக்கிறது?

குதிரை அடியெடுத்து வைக்கும்போது அதன் முதுகு முன்னும் பின்னும், மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசைகிறது. மேலே இருப்பவரின் இடுப்பும் கூடவே அசைகிறது. நாம் நடக்கும்போது நம் இடுப்பு அசைவதும் ஏறக்குறைய இப்படித்தான். சொந்தக் காலால் ஒருநாளும் நடந்திராத குழந்தைக்கும் நடை எப்படியிருக்கும் என்பது இடுப்பின் வழியே தெரியவருகிறது. நிமிடத்துக்குச் சுமார் 100 அடி என்று வைத்துக்கொண்டால், பத்து நிமிடத்தில் ஆயிரம் முறை அந்த உடல் சாய்ந்து, நிமிர்ந்து, தன்னைச் சரிசெய்துகொள்கிறது. குதிரையின் உடல்சூடு சுமார் 38 டிகிரி செல்சியஸ், நம்மைவிடச் சற்றே அதிகம். சேணத்தை எடுத்துவிட்டுக் கம்பளி விரித்து உட்காரவைத்தால், மூளை முடக்குவாதத்தில் இறுகிப்போன தொடைத்தசைக்கு அந்தச் சூடு இதமளிக்கும்.

கயிற்றைப் பிடித்து நடத்த ஒருவர், இருபுறமும் தாங்கிக்கொள்ள இருவர், தலையில் ஹெல்மெட். டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் மேல்மூட்டு தளர்ந்திருக்கும் என்பதால், மருத்துவர் பார்க்காமல் ஏற்றவே கூடாது.

டென்மார்க்கின் குதிரையேற்ற வீராங்கனை லிஸ் ஹார்டெலை 1944இல் இளம்பிள்ளை வாதம் தாக்கியது. அப்போது அவருக்கு 23 வயது, வயிற்றில் குழந்தை. முழங்காலுக்குக் கீழே இயக்கம் திரும்பவேயில்லை. குதிரையேறுபவர் பெரும்பாலும் காலால்தான் குதிரையிடம் பேசுவார். இவர் முதுகாலும் உடல் எடையாலும் பேசக் கற்றுக்கொண்டார். குதிரையை நுட்பமாக நடத்திக்காட்டும் டிரெஸ்ஸாஜ் போட்டியில் பெண்களை முதன்முதலாக அனுமதித்த 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றார். 1956இல் மீண்டும் வெள்ளி. குதிரையில் ஏறவும் இறங்கவும் அவருக்குப் பிறர் கை தேவைப்பட்டது. மேற்கு நாடுகளில் குதிரைவழிச் சிகிச்சை பரவ அவருடைய வெற்றி பெரிய தூண்டுதல்.

ஆனால் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. மூளை முடக்குவாதம் உள்ள 99 குழந்தைகளைக் கொண்டு ஆஸ்திரேலியாவில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், பத்து வாரச் சவாரிக்குப் பிறகும் உடலியக்கத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆட்டிசம் உள்ள நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2015இல் வெளியானது; அதில் எரிச்சலும் நிலைகொள்ளாமையும் குறைந்தன, பேச்சுத்தொடர்பு மேம்பட்டது. ஆகவே, 'ஆறே மாதத்தில் நடக்க வைக்கிறோம்' என்று யாராவது பணம் கேட்டால், பெற்றோர் திரும்பி வந்துவிடுவதே நல்லது.

அதற்காகக் குதிரையே வேண்டாம் என்பதா? மற்ற பிள்ளைகள் சவாரி கற்கப் போகும்போது எந்தத் தசை எவ்வளவு வலுப்பெற்றது என்று யாரும் கேட்பதில்லை. ஆசையாக இருக்கிறது, போகிறார்கள். மாற்றுத்திறனாளிக் குழந்தை வெளியே வருவதற்கு மட்டும் ஏன் மருத்துவக் காரணம் வேண்டும்?

இந்தக் கேள்வி பெங்களூருவுக்குப் புதிதல்ல. இளம்பிள்ளை வாதத்தோடு வளர்ந்த என்.எஸ். ஹேமா 1959இல் தொடங்கிய மாற்றுத்திறனாளிகள் சங்கம், அவர்களை மண்ணில் இறக்கியே தோட்டக்கலை கற்றுக்கொடுக்கிறது. பெற்றோர்கள் சேர்ந்து உருவாக்கிய 'கிலிகிலி', கோல்ஸ் பார்க் போன்ற பூங்காக்களில் எல்லாக் குழந்தைகளும் ஒன்றாக விளையாட வழிசெய்தது. குதிரைச் சவாரிக்குச் செலவு அதிகம். பூங்கா வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

சக்கர நாற்காலியோடு வரும் குழந்தை இரண்டு இடத்திலும் முதலில் தேடுவது சாய்தளத்தை. குதிரைத் திடலில் அது விலங்கின் முதுகுயரத்துக்கு அருகில் போய் முடியும் ஒரு மேடை. நாற்காலியை அதன்மேல் தள்ளிக்கொண்டு போய், குழந்தையைத் தூக்கி அப்படியே குதிரை முதுகில் மாற்றி உட்காரவைக்கலாம். நம் ஊர்க் கொத்தனார் செங்கல்லும் சிமென்டும் வைத்தே அதைக் கட்டிவிடுவார்.