ஹோம் தியேட்டரில் ‘ங்ங்ங்’ என்று இரைச்சலா? எர்த் பின்னை வெட்டாதீர்கள், ஆப்டிகல் கேபிளைப் பாருங்கள்!

விசைத்தறி ஊரான சங்கரன்கோவிலில் சத்தம் யாருக்கும் புதிதல்ல. பகலெல்லாம் தறி ஓடினாலும் காது பழகிவிடும். ஆனால், இரவில் வீட்டில் படம் பார்க்கும்போது, வசனம் நின்ற ஒரு நொடியில் ஸ்பீக்கரில் இருந்து ‘ங்ங்ங்’ என்று ஒரு முனகல் கேட்டால் எரிச்சல் வந்துவிடும். ‘செட்டும் புதுசு, ஒயரும் புதுசு, பெறவு ஏன் இரையுது?’ என்ற கேள்விக்குக் கடையிலும் சரியான பதில் கிடைப்பதில்லை.

பதிலுக்குப் பதிலாகப் பல நேரங்களில் கிடைப்பது ஆபத்தான ஒரு யோசனை. ‘மூணு பின்னுல எர்த் பின்னை மட்டும் எடுத்து விட்ருங்க, நின்னுரும்’ என்பார்கள். முனகல் நிற்கவும் கூடும். ஆனால், அதோடு வீட்டில் இருப்பவர்களின் பாதுகாப்பும் போய்விடும். சில நூறு ரூபாயில் கிடைக்கும் ஆப்டிகல் கேபிள் இதே வேலையைப் பாதுகாப்பாகச் செய்யும். ஆனால், அது எல்லா இரைச்சலுக்கும் மருந்து அல்ல. எந்த இரைச்சலுக்கு அது உதவும், வாங்கும் முன் எப்படிச் சோதிப்பது?

முனகல் எங்கிருந்து வருகிறது?

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று அலைகிற மாறுதிசை மின்சாரம். அது ஒலி போகும் பாதைக்குள் நுழைந்தால் கனத்த முனகலாகக் கேட்கும். அந்த மின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றும் பகுதியில் இருந்து கசிந்தால் 100 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் ‘ஜ்ர்ர்’ என்று கரகரக்கும்.

இது நுழைய முக்கியமாக மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, ‘கிரவுண்ட் லூப்’. ஆம்ப்ளிஃபயர் மூன்று பின் பிளக் வழியாக வீட்டு எர்த்துடன் இணைந்திருக்கிறது. கேபிள் டிவி ஒயரின் வெளிப்புற வலையோ தெருவில் வேறு ஏதோ ஓர் இடத்தில் பூமியைத் தொட்டிருக்கிறது. எல்லாம் ஒரே பூமிதான் என்றாலும், இரண்டு எர்த்துக்கும் இடையே சிறிய மின்னழுத்த வேறுபாடு இருக்கும். செட்டாப் பாக்ஸையும் ஆம்ப்ளிஃபயரையும் ஏவி ஒயரால் இணைத்ததும் ஒரு வளையம் முழுமையாகி, ஒயரின் வெளி உறையில் மின்னோட்டம் ஓடத் தொடங்குகிறது. ஒலி சிக்னல் இந்த உறையை அடிப்படையாக வைத்துத்தான் அளக்கப்படுகிறது. அடிப்படையே ஆடினால் ஒலியும் சேர்ந்து ஆடும். ஒலி சிக்னலே ஒன்று, இரண்டு வோல்ட்தான். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு கலந்தாலே அமைதியான அறையில் காதுக்குத் தெரியும்.

இரண்டாவது, கசிவு. லேப்டாப் சார்ஜர், செட்டாப் பாக்ஸ் அடாப்டர் போன்ற பல கருவிகளில் உள்ள வடிகட்டி கெப்பாசிட்டர்கள் மிகச் சிறிய மின்னோட்டத்தை வெளி உடலுக்குக் கசியவிடும். சார்ஜரில் இருக்கும் லேப்டாப்பின் உலோக உடலைத் தொட்டால் லேசாகச் ‘சுர்ர்’ என்பதும் இதனால்தான். அந்த லேப்டாப்பை ஆம்ப்ளிஃபயரோடு ஒயரால் இணைத்தால், கசிவு அந்த வழியாக எர்த்தைத் தேடிப் போகும்.

மூன்றாவது, அக்கம்பக்கம். தறி மோட்டார், கிரைண்டர், ஃபிரிட்ஜ், மலிவான எல்இடி பல்பு, சதுர அலை இன்வெர்ட்டர் என எல்லாமே மின்லைனை அழுக்காக்கும். தறிக்கூடமும் வீடுகளும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இருந்தால், மோட்டார் போடும்போதும் அணைக்கும்போதும் அந்த உதறல் வீடுகளுக்கும் வரும். ஸ்பீக்கரில் அது ‘டப்’ என்ற ஒலியாகக் கேட்கலாம்.

டிஜிட்டல்தானே, அதில் எப்படி?

டிஜிட்டல் ஒலி என்பது பூஜ்யமும் ஒன்றும்தான். அதில் முனகல் எப்படிக் கலக்கும் என்று கேட்பது நியாயமே. உண்மையில் எண்களுக்குள் முனகல் கலப்பதில்லை. ஆனால், அந்த எண்களைச் சுமந்து வரும் யூஎஸ்பி, எச்டிஎம்ஐ, கோஆக்சியல் ஆகிய மூன்றுமே உலோகக் கம்பிகள். எண்கள் போகும் அதே ஒயரின் கிரவுண்ட் கம்பி வழியாக இரைச்சல் மின்னோட்டமும் சேர்ந்து போகிறது.

மறுமுனையில் ‘டேக்’ எனப்படும் மாற்றி, எண்களை மீண்டும் ஒலி அலையாக்குகிறது. அதற்குப் பக்கத்திலேயே மென்மையான அனலாக் சுற்றும் இருக்கிறது. இரைச்சல் புகுவது அங்கேதான். கம்ப்யூட்டரை யூஎஸ்பி மூலம் இணைத்துப் பாட்டுக் கேட்பவர்களில் சிலருக்கு மவுஸை நகர்த்தும்போது ‘கிர்ர்’ என்று கேட்பதும் இப்படித்தான்.

ஒளி என்ன செய்கிறது?

1983இல் ஜப்பானின் தோஷிபா நிறுவனம் தன் சிடி பிளேயர்களை இணைக்க ஒளிவழி இணைப்பு ஒன்றை அறிமுகப்படுத்தியது. அதன் பெயர் ‘டோஸ்லிங்க்’. இன்று டிவியின் பின்னால் ‘ஆப்டிகல்’ என்று எழுதி, சின்ன மூடி போட்டிருக்கும் துளை அதுதான்.

உள்ளே ஒரு சிவப்பு எல்இடி. அது நொடிக்குப் பல லட்சம் முறை அணைந்து எரிந்து, பூஜ்யத்தையும் ஒன்றையும் வெளிச்சமாக அனுப்புகிறது. சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் இழை வழியாக அந்த வெளிச்சம் போய்ச் சேர்கிறது. மறுமுனையில் உள்ள ஒளி உணரி அதை மீண்டும் மின்துடிப்பாக மாற்றுகிறது.

பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது. டிவிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையே செய்தி போகும். ஆனால் கரண்ட் போக வழியே கிடையாது. கிரவுண்ட் லூப் வளையம் அங்கே அறுபடுகிறது. கசிவு மின்னோட்டமும் தாண்ட முடியாது.

இது வீட்டுக்கு மட்டுமான தந்திரம் அல்ல. உயரமான மின்கோபுரங்களின் உச்சியில் போகும் நிலக்கம்பிகள் பலவற்றின் உள்ளே ஒளியிழை இருக்கிறது. இந்தியாவில் பவர்கிரிட் நிறுவனம் இவற்றைத் தகவல் தொடர்புக்குப் பயன்படுத்துகிறது. கீழே பல லட்சம் வோல்ட் ஓடினாலும் மேலே உள்ள ஒளியிழையில் செல்லும் தகவல் கலங்குவதில்லை. வளைந்த இழைக்குள் ஒளியைக் கொண்டுசெல்லும் ஆய்வில் ஓர் இந்தியருக்கும் முக்கியப் பங்கு உண்டு. பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டனில் ஹெரால்டு ஹாப்கின்ஸுடன் சேர்ந்து செய்த ஆய்வு 1954இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது.

வாங்கும் முன் ஐந்து நிமிடச் சோதனை

உங்கள் வீட்டு இரைச்சல் இணைப்பு ஒயர் வழியாகத்தான் வருகிறதா என்று முதலில் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒயரைக் கழற்றும் முன் வால்யூமைக் குறைத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஸ்பீக்கர் பாதிக்கப்படலாம்.

* எதையும் ஓடவிடாமல் வால்யூமை வைத்து இரைச்சலைக் கேளுங்கள். பிறகு வால்யூமைக் குறைத்து, டிவியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு வரும் ஒயரைக் கழற்றிவிட்டு, அதே அளவு வால்யூமில் மீண்டும் கேளுங்கள். முனகல் நின்றால், அது ஒயர் வழியாகத்தான் வந்திருக்கிறது. ஆப்டிகல் கேபிள் உதவும்.
* ஒயரைக் கழற்றியும் முனகல் அப்படியே இருந்தால், கோளாறு ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயோ அதன் மின்சப்ளையிலோ இருக்கிறது. ஆப்டிகல் கேபிள் வாங்குவது வீண்செலவு.
* செட்டாப் பாக்ஸில் இருந்து கேபிள் டிவி அல்லது டிஷ் ஒயரை மட்டும் கழற்றிப் பாருங்கள். முனகல் நின்றால் கிரவுண்ட் லூப் அந்த வழியாக வருகிறது. இடி மின்னல் நேரத்தில் இதைச் செய்யக் கூடாது.
* லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓடவிடுங்கள். இரைச்சல் மறைந்தால் சார்ஜர்தான் காரணம்.

‘ஸ்ஸ்ஸ்’ என்ற மெல்லிய சீறல் வேறு ரகம். அது ஆம்ப்ளிஃபயர் சுற்றுகளில் இயல்பாகவே எழுவது. அதற்கும் ஆப்டிகல் கேபிளுக்கும் சம்பந்தம் இல்லை.

இணைக்கும்போது கவனிக்க வேண்டியவை

கேபிளின் இரு முனைகளிலும் நிறமற்ற சின்ன பிளாஸ்டிக் உறை இருக்கும். அதைக் கழற்றாமல் செருகிவிட்டு ‘சத்தமே வரலை’ என்று திணறுபவர்கள் உண்டு. டிவியை ஆன் செய்து ஒரு முனையை மட்டும் செருகினால், மறுமுனையில் சிவப்பு வெளிச்சம் தெரிய வேண்டும். முனை ஒரு பக்கமாகத்தான் நுழையும்; திருகி அழுத்தக் கூடாது. கேபிளை இறுக்கி மடக்கினால் உள்ளே இழை சேதமாகும். நீளம் 5 மீட்டருக்குள் இருப்பது நல்லது.

அடுத்து டிவி செட்டிங்ஸ். ஒலி வெளியீட்டை ‘ஆப்டிகல்’ என்று மாற்ற வேண்டும். இரண்டு ஸ்பீக்கர் செட்டுக்கு ‘பிசிஎம்’ என்று வைத்தால் போதும். பழைய ஆம்ப்ளிஃபயரில் ஆப்டிகல் துளை இல்லையென்றால், ஒளியை ஆர்சிஏ வெளியீடாக மாற்றும் சிறிய மாற்றிப் பெட்டி கிடைக்கிறது. அவற்றில் மலிவானவை பெரும்பாலும் பிசிஎம் மட்டுமே புரிந்துகொள்ளும்.

இங்கே ஒரு பொறி உண்டு. அந்தப் பெட்டிக்கு டிவியின் யூஎஸ்பி துளையில் இருந்து மின்சாரம் எடுத்தால், அறுத்த வளையத்தை நாமே மறுபடி ஒட்டிவிடுகிறோம். யூஎஸ்பி ஒயரின் கிரவுண்ட், டிவியையும் பெட்டியையும் அதன் வழியாக ஆம்ப்ளிஃபயரையும் இணைத்துவிடும். பெட்டிக்குத் தனி அடாப்டர் பயன்படுத்துங்கள். அதேபோல், டிவிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையே வேறு எச்டிஎம்ஐ ஒயர் ஏதும் மிச்சம் இருந்தாலும் ஆப்டிகல் கேபிளால் பயன் இருக்காது.

என்ன குறை?

ஆப்டிகல் இணைப்பு பிறந்தது சிடி காலத்தில். அதன் கொள்ளளவு குறைவு. சுருக்கப்படாத ஸ்டீரியோ ஒலியையும், சுருக்கப்பட்ட டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் 5.1 ஒலியையும் அது கொண்டுபோகும். டால்பி அட்மாஸ் வேண்டுமென்றால் எச்டிஎம்ஐதான். டிவி ரிமோட்டாலேயே சவுண்ட்பாரின் வால்யூமைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் ஆப்டிகலில் பொதுவாகக் கிடைக்காது.

‘ஆப்டிகல் எச்டிஎம்ஐ’ என்ற பெயரில் விற்கும் கேபிள்களில் பெரும்பாலானவற்றில் ஒளியிழையோடு செம்புக் கம்பிகளும் இருக்கின்றன. மின்தடுப்புக்காக மட்டும் அவற்றை வாங்கினால் ஏமாற்றமே. புளூடூத் இணைப்பிலும் ஒயர் இல்லை என்பதால் இந்த முனகல் வராது. ஆனால், அதில் ஒலி சுருக்கப்படுகிறது. உதட்டசைவுக்கும் குரலுக்கும் இடையே சிறு தாமதம் தெரியலாம்.

விலை கூடினால் ஒலி கூடுமா?

கண்ணாடி இழை, தங்கமுலாம் முனை என்றெல்லாம் சொல்லி ஆயிரக்கணக்கில் விற்கப்படும் ஆப்டிகல் கேபிள்களும் உண்டு. வெளிச்சம் போகும் முனைக்குத் தங்கமுலாம் பூசி என்ன பயன்? இரண்டு மீட்டர் தூரத்தில் சாதாரண பிளாஸ்டிக் இழையே எண்களைப் பிசகாமல் கொண்டுசேர்க்கும். கேபிள் பழுதானால் ஒலி விட்டுவிட்டுக் கேட்கும் அல்லது மொத்தமாக நின்றுபோகும். மற்றபடி, விலை உயர்ந்த கேபிளால் குரல் இனிமையாவதோ பேஸ் கூடுவதோ இல்லை.

அதே போல, முனகலே இல்லாத வீட்டில் ஆப்டிகல் கேபிள் போட்டாலும் மாற்றம் எதுவும் தெரியாமல் போகலாம். இல்லாத நோய்க்கு மருந்து வேண்டாம்.

எர்த் பின் எதற்கு இருக்கிறது?

மூன்று பின் பிளக்கில் எர்த் பின் மட்டும் நீளமாகவும் தடிமனாகவும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். செருகும்போது அது முதலில் தொட வேண்டும், கழற்றும்போது கடைசியில் விட வேண்டும் என்பதற்காகவே அந்த அமைப்பு. ஆம்ப்ளிஃபயருக்குள் ஒரு ஒயர் அறுந்து உலோகப் பெட்டியைத் தொட்டால், மின்சாரம் எர்த் வழியாகப் பாய்ந்து ஃபியூஸோ டிரிப்பரோ விழும். எர்த் இல்லையென்றால் 230 வோல்ட் அந்தப் பெட்டியிலேயே காத்திருக்கும். அடுத்து தொடுகிறவர் உடல்தான் அதற்கு வழி. ஏவி ஒயர் மூலம் இணைந்திருக்கும் மற்ற கருவிகளின் உலோகப் பகுதிகளிலும் அந்த மின்சாரம் ஏறக்கூடும்.

கோயில் கொடைக்கும் கல்யாண வீட்டுக்கும் மைக்செட் கட்டுபவர்களுக்கும் இதே சோதனை வருவதுண்டு. அங்கே சரியான தீர்வு, ஒலி ஒயருக்கு இடையில் பிரிப்பு டிரான்ஸ்ஃபார்மர் போடுவது. ஆப்டிகல் வசதி இல்லாத பழைய வீட்டு செட்டுக்கும் ‘கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்’ என்ற பெயரில் கிடைக்கும் அதே வகைச் சிறு கருவி கைகொடுக்கும். பிரிக்க வேண்டியது ஒலிப் பாதையை மட்டுமே. பாதுகாப்புப் பாதையில் கை வைக்கக் கூடாது.

எனவே, முனகல் கேட்டால் முதலில் ஒயரைக் கழற்றிச் சோதியுங்கள். ஒயர் வழி இரைச்சல் என்றால் ஆப்டிகல் கேபிள் அல்லது ஐசொலேட்டர். ஆம்ப்ளிஃபயர் கோளாறு என்றால் மெக்கானிக். தொட்டால் ‘சுர்ர்’ என்று வலுவாக அடித்தால், பாட்டை நிறுத்திவிட்டு முதலில் எலக்ட்ரீஷியனை அழைத்து வீட்டின் எர்த்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத வீடாக இருந்தால் அதையும் சேர்த்துப் போட்டுவிடுவது நல்லது.